கூட்டம் ஏறாத மலை... காட்பாடியிலிருந்து ஜவ்வாதுக்கு ஓர் உழவர் பயணம்!

சனிக்கிழமை காலையில் காட்பாடி சந்திப்பில் ரயில் நின்றதும், இறங்குகிறவர்களின் கையைப் பார்த்தே அவர்கள் எங்கே போகிறார்கள் என்று சொல்லிவிடலாம். எக்ஸ்ரே உறையோடு இறங்குபவர்கள் சி.எம்.சி மருத்துவமனைக்கு. முதுகில் பையும் காதில் பாட்டுமாக இறங்குபவர்கள் வி.ஐ.டி மாணவர்கள். குடும்பத்தோடு இறங்கி ஆட்டோவிடம் பேரம் பேசுபவர்கள் ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு. இறங்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகுட்டிக் கூட்டத்தில் பாதிப் பேர் ஜோலார்பேட்டையில் இறங்கி ஏலகிரி ஏறப் போகிறவர்கள்.

அதே ரயில் குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என்று போகும்போது, இடது பக்க ஜன்னலில் பாலாற்றுக்கு அப்பால் நீல நிறத்தில் நீண்டுகொண்டே வரும் மலையை யாரும் அதிகம் பார்ப்பதில்லை. அதுதான் ஜவ்வாது மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. ஏலகிரியைப் போலப் பல மடங்கு பெரியது. ஆனால், விடுமுறைக்கு எங்கே போகலாம் என்ற பேச்சில் அதன் பெயர் கடைசியில்தான் வரும்.

சுற்றுலாக்காரர்கள் பார்க்காத அந்த மலையை உழவர்கள் ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும். அங்கே இன்னமும் சாமை விளைகிறது. அந்தச் சாமை இன்னும் எத்தனை ஆண்டு விளையும் என்பதுதான் கேள்வி.

இரண்டு மலைகள், இரண்டு கதைகள்

ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் புலவர், வள்ளல் பெயர்கள். மேலே புங்கனூர் ஏரியில் படகு, பூங்கா, சுற்றிலும் தங்கும் விடுதிகள். ஏலகிரியும் மலையாளி பழங்குடி மக்களின் மண்தான். 14 சிற்றூர்கள் கொண்ட அந்த மலையில் ஒரு காலத்தில் சாமையும் கேழ்வரகும்தான் கண்ணுக்குத் தெரிந்தன. இன்று சாலையோரம் முழுக்க மதில் சுவர்களும் பெயர்ப் பலகைகளும். விற்றவர் பலர் தாங்கள் விற்ற இடத்திலேயே தோட்ட வேலைக்கும் காவல் வேலைக்கும் போகிறார்கள்.

ஜவ்வாதில் அந்த வேகம் இன்னும் வரவில்லை. ஜமுனாமரத்தூர்தான் அங்கே பெரிய ஊர், வட்டத் தலைநகர். சுற்றுலா என்றால் கோமுட்டேரிப் படகுத்துறை, பீமன் அருவி, ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் கோடை விழா. விழா நாட்களில் மலை நிரம்பும். விழா முடிந்த மறுநாள் மலை தன் பாட்டுக்குத் திரும்பிவிடும். பிரதான சாலையை விட்டு இரண்டு கிலோமீட்டர் உள்ளே போனால், பலா மரத்தடியில் கட்டிய மாடு, தடுப்புக் கல் வைத்த சரிவு வயல், வாசலில் காயும் புளி என்று வேறு உலகம்.

இங்குள்ள ஊர்ப் பெயர்களே பயிர்க் கதை சொல்லும். பல சிற்றூர்களின் பெயர் 'கொல்லை' என்று முடிகிறது. கொல்லை என்றால் மானாவாரிப் புன்செய். யாரோ ஒருவர் ஒரு மரத்தடியில் காட்டைத் திருத்திக் கொல்லை போட்டார். பிறகு அதுவே ஊரானது. திருப்பத்தூர் பக்கம் போனால் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று 'நாடு' கணக்கில் ஊர்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரம் பக்கமிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது இம்மக்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. அவர்களுக்கும் முன்பே இங்கே மனிதர்கள் இருந்ததற்குச் சாட்சியாகப் பெருங்கற்காலக் கல்திட்டைகள் மலை மேல் இருக்கின்றன. 'குள்ளர் வீடு' என்று ஊர் மக்கள் சொல்வது அவற்றைத்தான்.

ஏறும் வழிகள்

காட்பாடியிலிருந்து மலைக்கு இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று, விழுப்புரம் ரயில் பாதையில் வேலூர் கன்டோன்மென்ட், கண்ணமங்கலம், ஆரணி ரோடு வழியாகப் போளூரில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் சுமார் 40 கிலோமீட்டர் ஏறி ஜமுனாமரத்தூர் சேர்வது. இன்னொன்று, ஜோலார்பேட்டை பாதையில் வாணியம்பாடியில் இறங்கி, ஆலங்காயம், காவலூர் வழியாக ஏறுவது. ஒரு வழியில் ஏறி மறு வழியில் இறங்கினால் மலையின் இரண்டு முகங்களையும் பார்த்துவிடலாம். போளூர் பக்கம் ஏறும்போது வளைவுகளும் பள்ளத்தாக்கும். ஆலங்காயம் பக்கம் இறங்கும்போது காடும் அமைதியும்.

சொந்த வண்டியில் போகிறவர்கள் அணைக்கட்டு வட்டத்தைத் தொட்டுப் போகலாம். இலவம்பாடி இந்தப் பக்கம்தான். அங்கு விளையும் முள் கத்தரிக்காய்க்கு 2023-ம் ஆண்டு 'வேலூர் முள் கத்தரிக்காய்' என்ற பெயரில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு வட்டாரத்து விளைபொருளுக்கு அதன் ஊர்ப் பெயராலேயே மதிப்பு உண்டு என்பதற்கு, மலையேறும் முன்பே கண்ணில் படும் சாட்சி அது.

தோலுக்கும் மலைக்கும் உள்ள பழைய உறவு

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்றால் தோல். அந்தத் தொழிலுக்கும் இந்த மலைக்கும் ஒரு காலத்தில் நேரடி உறவு இருந்தது. அப்போது தோலைப் பதப்படுத்தியது ஆவாரம் பட்டையும் கடுக்காயும். ஆவாரை புன்செய்க் கரம்பில் தானாக வளர்ந்தது. கடுக்காய் மலைக்காட்டில் பொறுக்கப்பட்டு மூட்டையாகக் கீழே இறங்கியது. மரப்பட்டைக் கழிவால் நிலத்துக்குத் தொல்லையே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால், அது மக்கும் பொருள்.

1970-களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்து, முழுதாகப் பதப்படுத்திய தோலும் தோல் பொருட்களும் ஏற்றுமதியாக வேண்டும் என்ற கொள்கை வந்தபின், குரோமியம் உப்பால் பதப்படுத்தும் முறை வேகமாகப் பரவியது. தொழில் வளர்ந்தது, பல ஆயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. கூடவே பாலாற்றுப் படுகையின் கிணறுகள் உப்பேறின. தென்னை குருத்து கருகியது. நெல் வயல் வெளுத்தது.

இந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தந்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் மைல் கல். ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும், தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்குத் தகுதி இழந்துவிட்டது என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கண்டறிந்திருக்கிறது என்றும் அந்தத் தீர்ப்பு பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்ற கொள்கை அதில்தான் உறுதியானது. ஏறக்குறைய 30 ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரி 30 அன்று, உச்ச நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரவும் பாலாற்றைச் சீரமைக்கவும் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. கெட்ட நிலத்தை மீட்பதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு இதைவிட வேறு கணக்கு வேண்டாம்.

இந்தக் கதையை மலைப் பயணத்தில் சொல்வதற்குக் காரணம் தண்ணீர். செய்யாறும் கமண்டல நாகநதியும் ஜவ்வாது மலையில்தான் பிறக்கின்றன. அகரம் ஆறு இந்த மலையிலிருந்துதான் பாலாற்றுக்கு இறங்குகிறது. செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிறது. கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறக்கும் பாலாறு மணலாகக் கிடக்கும் ஆண்டுகளிலும், ஜவ்வாதில் நல்ல மழை பெய்தால் ஆரணி, போளூர், செய்யாறு பக்கத்து ஏரிகள் நிரம்பும். ஆக, மலை மேல் மண் எப்படி இருக்கிறது என்பது கீழே கிணறு வைத்திருக்கிறவரின் கவலையும்தான். சரிவில் பயிர் நின்றால் மழைநீர் மெல்ல இறங்கும். அதே சரிவு மனைப்பிரிவாகி மொட்டையடிக்கப்பட்டால், மழை பெய்த அன்றே தண்ணீர் சேறோடு ஓடிவிடும்.

சாமை நிற்கும் சரிவு

ஆடி, ஆவணியில் ஜவ்வாது ஏறினால் சாமைப் பயிர் பச்சைப் பாய் விரித்தது போல இருக்கும். புரட்டாசி, ஐப்பசியில் கதிர் முற்றித் தலை சாயும். அறுவடைக்குப் பின் போனால், பாறைக் களத்தில் மாடு கட்டித் தாம்பு அடிப்பதையும், காற்று பார்த்துத் தூற்றுவதையும் காணலாம். தமிழ்நாட்டில் சாமை அதிகம் விளையும் இடங்களில் இந்த மலை முக்கியமானது.

சாமை சோம்பேறிப் பயிர் என்று கீழ்நாட்டில் கேலியாகச் சொல்வதுண்டு. அது பயிருக்குப் பெருமைதான். ஆழமில்லாத மண், சரளைக் கற்கள், ஒழுங்கில்லாத மழை, உரம் வாங்கக் கையில் காசில்லாத நிலை, எல்லாவற்றையும் தாங்கி 80 முதல் 95 நாட்களில் கதிர் தருகிறது. துவரை, மொச்சை போன்றவற்றை ஊடே விட்டால், சாமை அறுத்த பிறகும் நிலத்தில் ஒரு பயிர் நிற்கும். தாள் மாட்டுக்குத் தீவனம். உமி நீக்காத சாமை குதிரில் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். மழை பொய்த்த ஆண்டில் குடும்பத்தைக் காப்பாற்றியது அந்தக் குதிர்தான்.

அப்படியிருந்தும் பரப்பு சுருங்குவதற்குக் காரணம் உமியில் இருக்கிறது. நெல்லைப் போலச் சாமையை எந்த மில்லிலும் கொடுத்து அரிசியாக்க முடியாது. தானியம் சின்னது, உமி கெட்டி, கல்லும் மண்ணும் அதே அளவில் கலந்திருக்கும். கல் நீக்க ஓர் இயந்திரம், தரம் பிரிக்க ஒன்று, உமி நீக்க ஒன்று என்று வரிசையாக வேண்டும். முன்பு பெண்கள் உரலில் குத்திப் புடைத்தார்கள். அரைப்படி அரிசிக்கு அரை நாள் போகும். நியாய விலைக் கடையில் நெல்லரிசி கிடைக்க ஆரம்பித்ததும் அந்த உரலை ஓரமாகச் சாய்த்து வைத்ததில் தவறு சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால், விலைக் கணக்கு அங்கேதான் கை மாறியது. 100 கிலோ சாமையைக் குத்தினால் சுமார் 60 கிலோ அரிசி தேறும். மலையில் தானியமாக விற்கிறவருக்குக் கிடைப்பது தானிய விலை. அதே சாமை கீழே இறங்கி, உமி நீங்கி, பையில் ஏறி, நகரத்துக் கடையில் 'சிறுதானியம்' என்ற பெயரோடு உட்காரும்போது விலை பல படி ஏறிவிடுகிறது. ஐக்கிய நாடுகள் சபை 2023-ம் ஆண்டைச் சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நகரத்தில் சாமைப் பொங்கலும் சாமை தோசையும் மருத்துவர் சீட்டில் எழுதும் அளவுக்கு வந்துவிட்டன. அந்தத் தேவையால் வரும் பணத்தில் எவ்வளவு மலையேறுகிறது என்பதுதான் விஷயம். மலையிலேயே உமி நீக்கும் இயந்திரம் ஓடி, உழவர் குழுவாகச் சேர்ந்து அரிசியாக விற்கும் இடங்களில் கதை மாறுகிறது. ஜவ்வாது மலையில் பழங்குடி உழவர்களின் உற்பத்தியாளர் நிறுவனம் இந்த வழியில்தான் நடை போடுகிறது. சாமையோடு தேன், புளி, கடுக்காய், நெல்லி, சீதா, பலா என்று மலையில் விற்பதற்குக் குறைவில்லை. விற்கும் இடம்தான் குறை.

அமைதிக்கு ஒரு விலை உண்டு

கூட்டம் இல்லாத இடத்தைத் தேடிப் போகிறவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். கீழே இருந்து வருகிறவருக்கு அமைதியாகத் தெரிவது, அங்கேயே வாழ்கிறவருக்குச் சில நேரம் கைவிடப்பட்ட நிலை.

2023 மே மாதம் அணைக்கட்டு வட்டத்து மலைச் சிற்றூர் ஒன்றில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. மருத்துவமனைக்குக் கொண்டு வருவதற்குள் குழந்தை இறந்துவிட்டது. திரும்பும்போது ஆம்புலன்ஸ் போகும் அளவுக்குச் சாலை இல்லாததால், தாய் அந்த உடலைச் சுமந்துகொண்டு பல கிலோமீட்டர் மலைப்பாதையில் நடந்தார். காட்பாடிச் சந்திப்பிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரத்து மலையில் நடந்தது இது. நாட்டின் பல மாநிலத்தவர் சிகிச்சைக்கு இறங்கும் ஊர் அந்த மலையின் அடிவாரத்தில் இருக்கிறது.

இன்னொரு தேதி 2015 ஏப்ரல் 7. திருப்பதி அருகே சேஷாசலம் வனப்பகுதியில் ஆந்திரக் காவல் துறையின் சிறப்புப் படை சுட்டதில் 20 தமிழகத் தொழிலாளர்கள் இறந்தார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று காவல் துறை சொன்னது. நடந்தது மோதல்தானா என்று மனித உரிமை அமைப்புகள் கேள்வி எழுப்பின. இறந்தவர்களில் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். வழக்கின் வாதங்கள் ஒரு புறம் இருக்கட்டும். சொந்தக் கொல்லையில் பயிர் இருந்தும், அதில் விலை இல்லாததால் இளைஞர்கள் கூலிக்கு எங்கே வேண்டுமானாலும் வண்டி ஏறும் நிலை வந்தது என்பதை மறுக்க முடியாது. சாமைக்கு நல்ல விலை என்ற சொல்லுக்கு இந்த மலையில் எவ்வளவு கனம் இருக்கிறது என்பது அந்தத் தேதியில் தெரியும்.

இருட்டும் ஒரு சொத்து

ஜமுனாமரத்தூரிலிருந்து ஆலங்காயம் நோக்கி இறங்கும் வழியில் காவலூர். இங்கேதான் வைணு பாப்பு வானாய்வகம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில், காட்டுக்கு நடுவே வெள்ளைக் குமிழ்கள் போலக் கூடங்கள் தெரியும். 1960-களின் கடைசியில் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு வேலை ஆரம்பித்தது. 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977-ல் யுரேனஸ் கிரகத்துக்கு வளையங்கள் உண்டு என்று தெரியவந்தபோது, அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கியை 1986 ஜனவரி 6 அன்று அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி தொடங்கிவைத்தார். 1988-ல் இங்கே கண்டுபிடிக்கப்பட்ட சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயர் சூட்டப்பட்டது.

இவ்வளவு பெரிய கருவி இந்தக் காட்டுக்கு வந்ததற்குக் காரணம் இருட்டு. நகர வெளிச்சம் எட்டாத வானம், பூமியின் நடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் வட வானத்தோடு தென் வானத்தின் பெரும் பகுதியும் தெரியும் வசதி. ஒன்றுமே இல்லாத இடம் என்று மற்றவர்கள் ஒதுக்கிய இடத்தில், அந்த ஒன்றுமில்லாமையையே விளைச்சலாக எடுத்திருக்கிறார்கள். சுற்றிலும் விளக்குகள் கூடக் கூட அந்த வானம் மங்கும். சாமைக் கொல்லைக்கும் வானாய்வகத்துக்கும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே கவலைதான்.

தென்னந்தீவு சொல்லும் பாடம்

சுற்றுலா வரக் கூடாது என்று சொல்வதும் சரியில்லை. அது எப்படி வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். தாய்லாந்தின் கோ சாமுய் தீவை எடுத்துக்கொள்ளலாம். 1970-கள் வரை அது தென்னைத் தீவு. தேங்காய் விற்றுத்தான் குடும்பங்கள் பிழைத்தன. தீவைச் சுற்றிச் சாலை வந்தது. 1989-ல் விமான நிலையம் வந்தது. கிழக்குக் கடற்கரை முழுக்க விடுதிகளும் கடைகளுமாக மாறியது. இன்று அந்தத் தீவுக்குப் போகும் பலர் தேடுவது, தெற்கிலும் மேற்கிலும் மிச்சமிருக்கும் தோப்புகளையும் மீனவர் ஊர்களையும். கூட்டத்தைக் கொண்டுவந்து சேர்த்த பிறகு, கூட்டம் இல்லாத மூலையைத் தேடி அலைகிறார்கள். ஏலகிரியைப் பார்த்துவிட்டு ஜவ்வாதுக்கு வருகிறவரும் அதே ஆள்தான். மூலையும் தீர்ந்துபோனால் தேட வேறு இடம் இருக்காது.

மலை ஏறுகிறவர் தங்குவதற்கு ஓர் இரவும், சாப்பிடுவதற்கு மூன்று வேளையும், திரும்பும்போது ஐந்து கிலோ சாமையரிசியும் ஒரு பாட்டில் தேனும் வாங்கினால், அந்தப் பணம் நேராகக் கொல்லைக்குப் போகிறது. அவரே நிலம் விசாரிக்க ஆரம்பித்தால், கொல்லை போகிறது. இரண்டுமே பணம்தான். ஒன்று ஆண்டுதோறும் வரும். மற்றொன்று ஒரே ஒரு முறை வரும்.

வாசகர் கேள்விகள்

*எந்த மாதத்தில் போகலாம்?*

பயிரைப் பார்க்க ஆகஸ்ட், செப்டம்பர். அறுவடையையும் தூற்றலையும் பார்க்க அக்டோபர், நவம்பர். பீமன் அருவியில் தண்ணீர் வேண்டுமென்றால் மழைக்குப் பிறகு. கூட்டம் வேண்டாம் என்றால் கோடை விழா நாட்களைத் தவிர்க்கவும். மலையில் இரவு குளிர் உண்டு, போர்வை அவசியம். உள்ளூர்ச் சாலைகளில் மாலைக்குப் பின் வண்டி ஓட்ட வேண்டாம்.

*காவலூர் வானாய்வகத்தைப் பார்க்க முடியுமா?*

சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம். மேகம், பராமரிப்புப் பணி ஆகியவற்றைப் பொறுத்து மாறும். இதை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்பவும்.

*சாமையைச் சமவெளியில் விதைக்கலாமா?*

தாராளமாக. மானாவாரிக்கு ஆடிப்பட்டம் ஏற்றது. ஏக்கருக்கு 4 கிலோ விதை போதும். கையால் தூவினால் 5 கிலோ. வரிசை விதைப்பு செய்தால் களை எடுப்பது சுலபம். வரிசைக்கு வரிசை 25 சென்டிமீட்டர் விடலாம். விதையை அசோஸ்பைரில்லம் கலந்து விதைக்கவும். தண்ணீர் தேங்கும் நிலம் வேண்டாம். திருவண்ணாமலை அருகே அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. அங்கே உருவான ஏ.டி.எல். 1 சாமை ரகம் பற்றியும் விதை இருப்பு பற்றியும் நேரில் கேட்கலாம். விதைக்கும் முன்பே உமி நீக்க எங்கே கொண்டுபோவது என்று முடிவு செய்துகொள்ளவும். அதை யோசிக்காமல் விதைத்தவர்கள்தான் தானியமாக விற்று நொந்துபோனவர்கள்.

*வாங்கும் சாமையரிசி நல்லதா என்று எப்படிப் பார்ப்பது?*

பளபளவென்று வெள்ளையாக இருந்தால் தவிடு முழுவதும் போய்விட்டது என்று அர்த்தம். சற்றுப் பழுப்பாக இருப்பதே நல்லது. முகர்ந்து பார்த்தால் சிக்கு வாடை இருக்கக் கூடாது. உமி நீக்கிய சாமை நீண்ட நாள் தாங்காது. இரண்டு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்கவும். கல் இருக்கலாம், அரித்துச் சமைக்கவும்.

*ஓய்வுக்குப் பிறகு மலையில் ஒரு ஏக்கர் வாங்கி இயற்கை விவசாயம் செய்ய ஆசை. முடியுமா?*

மலையில் பல நிலங்கள் நிபந்தனையுடன் அரசு ஒப்படைத்தவை, கைமாற்ற முடியாதவை. 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி பழங்குடியினருக்குக் கிடைத்த நிலம் வாரிசுக்குப் போகும், விற்க முடியாது. காப்புக்காட்டு எல்லையும் குறுக்கிடும். தரகர் காட்டும் காகிதத்தை நம்பிப் பணம் கொடுத்து ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்கள்.

சட்டச் சிக்கல் இல்லாத நிலமாகவே இருந்தாலும், ஒரு யோசனை. அந்த ஒரு ஏக்கரில் ஏற்கெனவே ஒருவர் சாமை போட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கு அந்த நிலத்தின் ஒவ்வொரு கல்லும் தெரியும். ஆண்டுக்கு ஒருமுறை மலையேறி, அவர் விளைவித்ததை நியாயமான விலைக்கு வாங்கி, பத்து வீட்டாரையும் வாங்கச் சொல்லுங்கள். நிலம் அவர் பெயரில் இருக்கட்டும். சாமை உங்கள் வீட்டு அடுப்பில் இருக்கட்டும். காட்பாடியில் ரயில் ஏறும்போது கை கனமாகவே இருக்கும்.